விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடலாமா?

பல் டாக்டரின் அறையில் அடிக்கடி காதில் விழுகிற வசனம் ஒன்று உண்டு. நான்கு வயதுப் பிள்ளையின் கடைவாய்ப் பல்லில் பெரிய ஓட்டை. அடைத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்: "விழப் போற பல்தானே டாக்டர்... இதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?"

குடும்பம் நடத்துகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் 'எப்போது விழப் போகிறது?' என்பதையும் சேர்த்துக் கேட்டிருந்தால் அவருக்கே பதில் கிடைத்திருக்கும்.

பால் பற்கள் மொத்தம் 20. ஆறாவது மாத வாக்கில் கீழ்த்தாடையின் நடுவில் முதல் பல் எட்டிப் பார்க்கும். இரண்டரை, மூன்று வயதுக்குள் இருபதும் முளைத்துவிடும். ஆறு, ஏழு வயதில் முன்பற்கள் ஆட ஆரம்பிக்கும். சாணி உருண்டையில் பொதிந்து கூரை மேல் எறியச் சொல்வோமே, அது பெரும்பாலும் இந்த முன்பற்களைத்தான். அதனால் 'பால் பல் ஏழு வயசுல விழுந்துடும்' என்று நம் மனசில் பதிந்து போயிருக்கிறது. ஆனால் அதிகமாகச் சொத்தை விழுகிற கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை! நான்கு வயதில் ஓட்டையான பல்லுக்கு இன்னும் ஆறேழு வருஷம் வேலை பாக்கி இருக்கிறது. அத்தனை வருஷமும் பிள்ளை அந்தப் பல்லால்தான் சப்பாத்தியையும் கேரட்டையும் மென்றாக வேண்டும்.

இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதே வேலை! கீழே வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்கு பால் பல்தான் இடம் பிடித்து வைக்கிறது. கடைவாய்ப் பல்லை நாலைந்து வயதிலேயே பிடுங்கிவிட்டால், பின்னால் முளைக்கிற பல் முன்னால் சாய்ந்து வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். உரிய பல் வரும்போது இடம் இருக்காது. அது கோணலாக முளைக்கும், அல்லது ஈறுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பதிமூன்று வயதில் பல்லுக்குக் கம்பி கட்டும்போது, அந்த நாலு வயது சிக்கனம் வட்டியோடு வந்து நிற்கும்.

பால் பல்லின் எனாமல் மெல்லியது. உள்ளே ரத்தக் குழாயும் நரம்பும் இருக்கிற பகுதியோ, பல்லின் அளவோடு பார்த்தால் பெரியது. எனவே சொத்தை மேலே தொடங்கி நரம்பைத் தொடுவதற்கு, பெரியவர்களின் பல்லில் ஆகிற காலம் ஆகாது. வேரில் சீழ் பிடித்தால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமலையும் அது கெடுக்கலாம்.

இதையெல்லாம் விட முக்கியம், குழந்தை படுகிற வலி. இரண்டு வயதுக் குழந்தைக்கு 'பல் வலிக்குது' என்று சொல்லத் தெரியாது. சாதத்தைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்ளும். ஒரு பக்கமாகவே மெல்லும். பிடித்த முறுக்கை வேண்டாம் என்று தள்ளும். ராத்திரி வீறிட்டு அழுதுகொண்டு எழுந்திருக்கும். 'சாப்பிட அடம் பிடிக்கிறான்' என்று அடி வாங்குகிற பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் பல் வலி!

ராத்திரிப் பால்

சின்னக் குழந்தைகளின் சொத்தைக்கு ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள் என்றால், பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்க வைப்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அதுவும் சர்க்கரை போட்ட பாட்டில்.

என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வாயில் இருக்கிற சில கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் எனாமலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. பகலில் உமிழ்நீர் ஓயாமல் ஊறி அமிலத்தைக் கழுவிவிடும். கரைந்த சத்தையும் ஓரளவு பல்லுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். தூங்கும்போதோ உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. குழந்தை பாதித் தூக்கத்தில் சப்புகிற பால், மேல் முன்பற்களைச் சுற்றிக் குளம் போலத் தேங்கி நிற்கும். கீழ் முன்பற்கள் மட்டும் தப்பித்துக்கொள்ளும். சப்பும்போது நாக்கு அவற்றின் மேல் போர்வை போலப் படிந்திருப்பதும், பக்கத்திலேயே உமிழ்நீர்ச் சுரப்பி இருப்பதும்தான் காரணம். மேல் பற்கள் கரைந்து கறுத்திருக்க, கீழ்ப் பற்கள் வெள்ளை வெளேரென்று இருந்தால், பல் டாக்டர் உங்களைக் கேட்காமலே சொல்லிவிடுவார்: "ராத்திரி பாட்டில் கொடுக்கறீங்களா?"

'அப்படியானால் தாய்ப்பாலும் கூடாதா?' என்று பதற வேண்டாம். தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பல் முளைத்த பிறகு, ஒரு வயதுக்கு மேல், இரவெல்லாம் நினைத்தபோதெல்லாம் சப்பிக்கொண்டே தூங்குகிற வழக்கம் இருந்தால் மட்டும் கவனம் தேவை. படுக்கும் முன் பல் துலக்கி விடுவது, குடித்து முடித்ததும் மார்பிலிருந்து மெதுவாக விலக்கிவிடுவது என்று ஆரம்பியுங்கள்.

பாட்டில் பழகிய குழந்தையை எப்படி மாற்றுவது? ஒரே ராத்திரியில் பிடுங்கினால் அக்கம்பக்கமே எழுந்துவிடும். முதலில் சர்க்கரையை நிறுத்துங்கள். பிறகு இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை பாலைக் குறைத்து, கொதித்து ஆறிய தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போங்கள். இது தூங்குவதற்கான பாட்டிலுக்கு மட்டும்தான். பகலில் குடிக்கிற பாலில் தண்ணீர் சேர்க்காதீர்கள். இரண்டு வாரத்தில் பாட்டிலில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். அதற்காக எழுந்திருக்க குழந்தைக்கே சலித்துப் போகும். ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் பாட்டிலையே மூட்டை கட்டிவிட்டு டம்ளருக்கு மாற்றிவிடுவது நல்லது. நம் பாட்டிகள் பாலாடையில் புகட்டினார்கள். பாலாடையை வாயில் வைத்துக்கொண்டு எந்தக் குழந்தையும் தூங்க முடியாது!

உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

மாதம் ஒரு முறை, நல்ல வெளிச்சத்தில், குழந்தையின் மேல் உதட்டை விரலால் லேசாகத் தூக்குங்கள். ஈறு ஓரத்தில், பல்லோடு ஒட்டினாற்போல, சாக்பீஸால் கோடு போட்டது மாதிரி மங்கலான வெள்ளைக் கோடு தெரிகிறதா? பால் படிந்திருக்கிறது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். துணியால் துடைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் அதுதான் சொத்தையின் முதல் படி.

பயப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஓட்டை விழாத இந்தக் கட்டத்தில் பல்லை மீட்டுவிட முடியும். ராத்திரிப் பாலை நிறுத்தி, ஒழுங்காகத் துலக்கி, டாக்டரிடம் ஃபுளோரைடு வார்னிஷ் பூசிக்கொண்டால் அந்த இடம் மறுபடி இறுகிவிடும். ஊசியும் இல்லை, மிஷின் சத்தமும் இல்லை. கோடு பழுப்பாகி, பள்ளமாகிவிட்டால் அப்புறம் தானாக மூடாது.

இந்தச் சொத்தையைத்தான் 'பூச்சிப் பல்' என்று சொல்லி, பூச்சி எடுக்கிறேன் என்று புகை பிடிக்க வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பல்லில் பூச்சி எதுவும் கிடையாது. பிரான்ஸில் பியர் ஃபோஷார் என்ற பல் மருத்துவர் 1728-லேயே தன் புத்தகத்தில், உருப்பெருக்கியில் தேடியும் புழுவைக் காணவில்லை என்று எழுதிவிட்டார். குழந்தையின் வாயில் புகையைக் காட்டாதீர்கள்.

யார் துலக்குவது? எதனால்?

பல் முளைப்பதற்கு முன்பே, சுத்தமான ஈரத் துணியை விரலில் சுற்றி ஈறைத் துடைத்துவிடுகிற பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். வாயில் கை வைத்தால் வாயை மூடிக்கொள்ளாத பழக்கம் குழந்தைக்கு அப்போதே வந்துவிடும்.

முதல் பல் முளைத்த அன்றே பிரஷ்ஷும் வந்துவிட வேண்டும். தலை சின்னதாக, மிக மெல்லிய நார் உள்ள பிரஷ். காலையில் ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் இரவை விட்டுவிடாதீர்கள். அதற்கப்புறம் தண்ணீரைத் தவிர எதுவும் கிடையாது.

பேஸ்ட் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. 'விழுங்கிடுவானே' என்று பயந்து ஃபுளோரைடே இல்லாத பேஸ்ட்டை வாங்குகிறோம். அல்லது விளம்பரத்தில் வருவது போல பிரஷ் நீளத்துக்குப் பாம்பு மாதிரி பிழிந்து விடுகிறோம். மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. அவ்வளவுதான்! அரிசி அளவு பேஸ்ட்டைக் குழந்தை விழுங்கினாலும் கெடுதல் இல்லை. அதனால்தான் அந்த அளவு. ஃபுளோரைடு சுமார் 1000 பி.பி.எம். இருக்கிறதா என்று அட்டையைப் படித்துப் பாருங்கள். அட்டையில் கரடி பொம்மை போட்டிருப்பதெல்லாம் கணக்கில் சேராது. பேஸ்ட்டை நீங்களே பிதுக்கிக் கொடுத்துவிட்டு ட்யூபை எடுத்து உயரத்தில் வையுங்கள். ஸ்ட்ராபெரி வாசனையை யார்தான் விடுவார்கள்!

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக்காரர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. அந்தப் பகுதி நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஃபுளோரைடு அதிகம். பல் உருவாகிற வயதில் வருஷக் கணக்கில் அதைக் குடித்ததால் பல்லில் திட்டுத் திட்டாக வெள்ளையும் பழுப்பும் படிந்தவர்கள் அங்கே ஏராளம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. இன்னும் போர் தண்ணீரையே குடிக்கிற வீடு என்றால் அதைப் பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். உங்கள் குழந்தைக்கு எந்த பேஸ்ட், எவ்வளவு என்பதை அவர் தண்ணீரையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சாம்பல், செங்கல் தூள், கரகரப்பான பல்பொடி எதுவும் பால் பல்லுக்கு வேண்டாம். மெல்லிய எனாமலைத் தேய்த்தே கரைத்துவிடும்.

"எங்க பொண்ணு மூணு வயசுலேயே தானா பல் தேய்ச்சுக்குவா" என்று பெருமைப்படுகிறீர்களா? தேய்க்கட்டும். அவள் முடித்த பிறகு நீங்கள் ஒரு தரம் தேய்த்து விடுங்கள். தன் சட்டைப் பட்டனை, ஷூ லேஸை ஒழுங்காகப் போடத் தெரியாத கைக்கு, கடைவாயின் உள்பக்கம் துலக்கத் தெரியாது. ஏழு எட்டு வயது வரை இது பெரியவர்கள் வேலை. குழந்தையை எதிரே நிறுத்தித் துலக்கினால் போராட்டம்தான். தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டால் மேல், கீழ் இரண்டு வரிசையும் நன்றாகத் தெரியும். அதன் கையும் உங்களுக்குத் தடையாக வராது. வட்டம் வட்டமாக, அழுத்தாமல் தேயுங்கள். முடிந்ததும் துப்பச் சொல்லுங்கள். தண்ணீர் விட்டு நாலைந்து தடவை கொப்பளிக்க வைத்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடும் போய்விடும்.

எவ்வளவு இனிப்பு அல்ல, எத்தனை தடவை!

ஸ்வீடன் நாட்டில் விபெஹோல்ம் என்ற மனநல மருத்துவமனையில் 1940-களில் ஒரு பரிசோதனை தொடங்கினார்கள். நோயாளிகளின் சம்மதம் கேட்காமலே அவர்களுக்கு விதவிதமாக இனிப்பைக் கொடுத்து, பல் எப்படிக் கெடுகிறது என்று பார்த்தார்கள். மருத்துவ உலகம் வெட்கப்பட வேண்டிய சங்கதி. இன்று யாரும் அப்படிச் செய்ய அனுமதி இல்லை. ஆனால் 1954-இல் வெளியான அதன் முடிவை யாராலும் ஒதுக்க முடியவில்லை. சாப்பாட்டோடு சேர்த்து இனிப்பு சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை கொஞ்சம்தான் கூடியது. பல்லில் ஒட்டுகிற டாஃபியைச் சாப்பாட்டுக்கு நடுவே நடுவே தின்றவர்களுக்குச் சரமாரியாகக் கூடிவிட்டது.

காரணம் எளிது. ஒரு தடவை இனிப்பு உள்ளே போனால் சில நிமிஷத்தில் வாயில் அமிலம் ஏறும். அது தணிந்து பழைய நிலைக்கு வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். பத்து மிட்டாயை ஒரேயடியாகத் தின்று முடித்தால் பல்லுக்கு ஒரு தாக்குதல். அரை மணிக்கு ஒன்றாக நாள் பூராவும் சப்பினால் பத்து தாக்குதல்; நடுவில் ஆற நேரமே இல்லை!

எனவே பிறந்த நாள் கேக்கைப் பிடுங்கி வைக்காதீர்கள். தாத்தா வாங்கி வரும் மிட்டாயையும் தடுக்க வேண்டாம். "மாமா, சாப்பாட்டோட சேர்த்துக் கொடுத்துடுங்க" என்று கேட்டுக்கொண்டால் போதும், வீட்டில் மனஸ்தாபம் வராது. உண்மையில் கவலைப்பட வேண்டியது, நாம் இனிப்பு என்றே நினைக்காத சமாசாரங்களைத்தான். பாலில் தோய்த்த பிஸ்கட் பல் இடுக்கில் பசை மாதிரி ஒட்டும். உருளைக்கிழங்கு சிப்ஸும் அப்படியே. சத்து பானம் என்று டப்பாவில் வருகிற பல மாவுகளில் சர்க்கரை இருக்கிறது. இருமல் மருந்து சிரப்பும் இனிப்புதான். தூங்கப் போகும் முன் கொடுத்தால் இரண்டு மடக்கு தண்ணீர் கொடுத்து, பல்லையும் துலக்கி விடுங்கள். ரப்பர் நிப்பிளைத் தேனில் தோய்த்துக் கொடுக்கிற பழக்கம் கூடவே கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது பல்லுக்கு மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்தான கிருமி விஷத்துக்கு வழி செய்யலாம்.

சொத்தைக் கிருமி குழந்தைக்குப் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களின் எச்சிலிலிருந்துதான் வந்து சேர்கிறது. ஸ்பூனை நாம் வாயில் வைத்துச் சூடு பார்த்து அதே ஸ்பூனில் ஊட்டுகிறோமே, அதுவும் ஒரு வழி. கொஞ்சுவதை நிறுத்த முடியாது. அம்மா தன் சொத்தைப் பல்லை அடைத்துக்கொள்ளலாம். பிள்ளைக்காக ஓடி ஓடிச் செய்கிற அம்மாக்கள் தன் பல்லை மட்டும் வருஷக் கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள்.

பல் முளைக்கும் காய்ச்சல்?

மேல் பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். மாமன் நிம்மதியாக இருக்கட்டும், சில குழந்தைகளுக்கு வரிசை மாறி முளைப்பது சகஜம். ஆனால் 'பல் முளைக்குது, அதான் பேதி' என்று சும்மா இருப்பது அப்படி விளையாட்டில்லை. பல் முளைக்கும்போது ஈறு தினவெடுக்கும், எச்சில் வழியும், குழந்தை நைநை என்று அழும். கடும் காய்ச்சலோ பேதியோ அதனால் வருவதில்லை. கண்டதைக் கடிக்கிற வயது, அதில் வருகிற தொற்றாக இருக்கலாம். பேதிக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். ஈறு தினவுக்குக் குளிர்ந்த ஈரத் துணியைக் கடிக்கக் கொடுத்தால் போதும். ஈறில் தடவுகிற மரத்துப் போகும் ஜெல் வேண்டாம். அவற்றில் உள்ள பென்சோகெயின் என்ற மருந்தை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்துத் துறை 2018-இல் எச்சரித்திருக்கிறது.

டாக்டரிடம் எப்போது?

முதல் பிறந்த நாளுக்குள்! 'வலியே இல்லையே, எதுக்கு?' என்றால், வலி இல்லாதபோது போவதில்தான் லாபமே. டாக்டரும் நீங்களும் முழங்காலோடு முழங்கால் முட்ட எதிரெதிரே உட்கார, குழந்தையின் தலை டாக்டர் மடியில், கால்கள் உங்கள் இடுப்பில். குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டு நிமிஷத்தில் பார்த்துவிடுவார். முதல் தடவையே வலியோடு, வீங்கிய கன்னத்தோடு போகிற பிள்ளைக்கு அந்த நாற்காலி என்றால் ஆயுசுக்கும் பயம் ஒட்டிக்கொள்ளும்.

"சொன்னபடி கேக்கலைன்னா பல் டாக்டர்கிட்ட ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று வீட்டில் மிரட்டாதீர்கள். "டாக்டர் ஒண்ணுமே பண்ண மாட்டாரு" என்று பொய்யும் சொல்லாதீர்கள். அப்புறம் உங்களையும் நம்பாது. "உன் பல்லை எண்ணப் போறாரு" என்று சொன்னால் போதும். மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வார். கண்ணாடியைக் காட்டி, விரல் நகத்தில் தொட்டுக் காட்டி, அதற்குப் பிறகுதான் வாயில் வைப்பார்.

ஓட்டையே விழுந்துவிட்டாலும் இப்போது மென்மையான வழிகள் இருக்கின்றன. சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற திரவத்தைச் சொத்தையில் ஒரு சொட்டு தடவினால் அது பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும். மிஷின் வேண்டாம், ஊசி வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஒரு குறை: சொத்தை இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும். கடைவாயில் யாருக்கும் தெரியாது. முன்பல்லில் என்றால் யோசித்து முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், இரண்டு வயதுக் குழந்தையைக் கையைக் காலைப் பிடித்து அமுக்குவதை விட ஒரு கறுப்புப் புள்ளி மேல். நரம்பைத் தொடாத கடைவாய்ச் சொத்தைக்கு, பல்லை ராவாமலே ஸ்டீல் தொப்பியை மாட்டிவிடும் முறையும் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பெண் பல் மருத்துவர் செய்து வந்தது. அவர் பெயரிலேயே 'ஹால் முறை' என்கிறார்கள். பல் டாக்டர்களிலேயே குழந்தைகளுக்கென்று மேல் படிப்பு படித்தவர்கள் இருக்கிறார்கள். இந்தச் சிகிச்சைகளைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள்.

பல்லைப் பிடுங்கியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், "இடம் போகாம இருக்க ஏதாவது கம்பி போடணுமா டாக்டர்?" என்று மறக்காமல் கேளுங்கள். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால் மறு நாளைக்குத் தள்ளாமல் அன்றைக்கே போக வேண்டும். கண் பக்கம் வீக்கம் ஏறினாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டாலோ பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போய்விடுங்கள்.

ஆறு வயதில் ஒரு வேலை இருக்கிறது. அந்த வயதில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் நான்கு பெரிய பற்கள் முளைக்கும். எதுவும் விழாததால் 'இதுவும் பால் பல்தான்' என்று பெரும்பாலான வீடுகளில் கவனிப்பதில்லை. இவை நிரந்தரப் பற்கள். போனால் மறுபடி முளைக்காது. மேற்புறம் ஆழமான பள்ளங்களோடு இருப்பதால் பிரஷ் உள்ளே போகாது. பல் வெளியே வந்ததும் அந்தப் பள்ளங்களை மெழுகு மாதிரி ஒரு பூச்சால் பல் டாக்டர் மூடிவிடுவார், ஊசி கிடையாது. உங்கள் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் இருந்தால் இன்று இரவு துலக்கும்போது டார்ச் அடித்து, இரண்டு பக்கமும், மேல், கீழ் இரண்டு தாடையிலும் பற்களை எண்ணிப் பாருங்கள். நடுவிலிருந்து எண்ணி வரும்போது ஆறாவதாக ஒன்று தெரிந்தால், அதுதான்.